கணக்குப் புத்தகம் வைத்திருந்த கருணை

ஜெர்மனியில் பிறந்தார். வேலூரில் பாடம் கற்றார். கராச்சியில் 57 ஆண்டுகள் தொழுநோயோடு மல்லுக்கட்டினார். கன்னியாஸ்திரி டாக்டர் ரூத் ஃபாவ் சாதித்தது என்ன, அவருக்குப் பின் நாம் கோட்டைவிடுவது என்ன?

2017 ஆகஸ்ட் 19. கராச்சியின் சதர் பகுதியில் உள்ள புனித பேட்ரிக் பேராலயம். ராணுவ வீரர்கள் ஒரு சவப்பெட்டியைச் சுமந்து வருகிறார்கள். பெட்டியின் மேல் பாகிஸ்தானின் பச்சை வெள்ளைக் கொடி. ஜனாதிபதி மம்னூன் உசேன் எழுந்து நிற்கிறார். ராணுவத் தளபதி கமர் ஜாவேத் பாஜ்வா சல்யூட் அடிக்கிறார். முப்படை மரியாதையோடு வழியனுப்பப்படும் அந்த 87 வயதுப் பெண்மணி ஜெனரலாகவோ பிரதமராகவோ இருந்தவர் அல்லர். சல்வார் கமீஸும் துப்பட்டாவுமாகத் தொழுநோயாளிகளின் குடிசைகளில் ஏறி இறங்கிய கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி.

அதற்கு முந்தைய ஆண்டுதான் சமூகத் தொண்டர் அப்துல் சத்தார் எதிக்கு இதே அரசு மரியாதை நடந்தது. ஆனால், இஸ்லாமியக் குடியரசு ஒன்று ஒரு சிஸ்டருக்காகத் தேசியக் கொடியைப் போர்த்திய காட்சியை உலகமே திரும்பிப் பார்த்தது. 'பாகிஸ்தானின் அன்னை தெரசா' என்று எழுதாத பத்திரிகை இல்லை.

அந்தப் பட்டம் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. யாரும் தொடத் தயங்கியவர்களைத் தொட்டார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு நாட்டின் தொழுநோய்ப் புள்ளிவிவரமே மாறியதற்குக் காரணம் வேறு. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பதிவு, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு பயிற்சி பெற்ற ஊழியர், எல்லாவற்றுக்கும் மேலே அரசு என்று ஓர் அமைப்பையே அவர் கட்டினார். கருணைக்குக் கணக்கு வைத்தவர் அவர். அந்தக் கணக்கு நம்முடைய நாட்டுக்கும் இன்று தேவைப்படுகிறது.

இறங்க வேண்டிய நாடு வேறு

1929-ல் லைப்சிக் நகரில் பிறந்தவர் ரூத். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் வீடு போனது. போர் முடிந்ததும் அந்தப் பகுதி சோவியத் பிடிக்குள் வந்தது. 1948-ல் எல்லை தாண்டி மேற்கு ஜெர்மனிக்குத் தப்பினார். மைன்ஸிலும் மார்பர்கிலும் மருத்துவம் படித்தார். 1953-ல் கத்தோலிக்கராக மாறி, 1957-ல் 'மரியாவின் இதயப் புதல்வியர்' சபையில் சேர்ந்தார்.

இந்தச் சபைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பிரெஞ்சுப் புரட்சி துறவற மடங்களை மூடிக்கொண்டிருந்த 1790-ல் தொடங்கப்பட்டது இது. துறவு உடை போட்டால் ஆபத்து என்ற காலம். அதனால் இந்தச் சபையின் கன்னியருக்குத் தனி அங்கியே கிடையாது. மக்கள் உடுத்துவதையே உடுத்துவார்கள். பிரான்சில் உயிர் தப்பச் செய்த ஏற்பாடு, 170 ஆண்டுகள் கழித்துக் கராச்சியின் சந்துகளில் கைகொடுத்தது. உள்ளூர்ப் பெண்களைப் போலவே உடுத்திய டாக்டரை, வீட்டுப் பெண்கள் வாசலோடு நிறுத்திவிடவில்லை.

சபை அவரை அனுப்பியது இந்தியாவுக்கு. விசா சிக்கலில் 1960 மார்ச்சில் கராச்சியில் தங்க வேண்டியதாயிற்று. அங்கே அதே சபையின் மெக்சிகோ நாட்டு சிஸ்டர் பெரனிஸ் வர்காஸ், ரயில் நிலையத்தின் பின்னே மெக்லியாட் சாலையில் இருந்த தொழுநோயாளிகள் குடியிருப்புக்கு அழைத்துச் சென்றார். சாக்கும் பலகையும் சேர்த்துக் கட்டிய குடிசைகள். நடுவே சாக்கடை. உணர்ச்சியற்ற விரல்களை இரவில் எலி கடித்தாலும், தூங்குகிறவருக்குத் தெரியாது. காலையில் ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

மருந்து கொடுக்கும் குடிசைக்குள் ஓர் இளைஞர் வந்தார். நடந்து வரவில்லை, அந்தச் சகதியில் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்து வந்தார். அவருக்கும் ரூத்துக்கும் ஏறக்குறைய ஒரே வயது, முப்பது. பல ஆண்டுகள் கழித்தும் ரூத் இந்தச் சம்பவத்தைப் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொன்னார். அவரை உலுக்கியது அந்த இளைஞரின் உடல்நிலையைவிட அவருடைய முகம். மனிதர்கள் இப்படித் தவழ்வதுதான் இயல்பு என்பதைப்போல அவர் வந்துபோனார். இந்தியப் பயணம் அன்றோடு முடிந்தது.

வேலூரில் கற்ற பாடம்

முடிவெடுப்பது வேறு, வைத்தியம் தெரிவது வேறு. மகளிர் மருத்துவம் பார்க்க நினைத்திருந்தவருக்குத் தொழுநோய் புதிது. அதனால் 1961-ல் வேலூருக்கு வந்தார்.

அன்று தொழுநோய் மருத்துவம் கற்க விரும்பியவர்களுக்கு உலகில் இருந்த மிகச்சில இடங்களில் வேலூரும் ஒன்று. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றுச் சிகிச்சையால் நிமிர்த்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் கரிகிரியில் தொழுநோய்க்கென்றே ஆராய்ச்சி மருத்துவமனை 1955 முதல் இயங்கிவந்தது.

தொழுநோய் விரல்களைத் 'தின்றுவிடும்' என்று காலங்காலமாக ஊர் நம்பியது. வேலூரின் அனுபவம் அதைத் தலைகீழாக்கியது. மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்ற கிருமி நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டதும் வலி போகிறது. கொதிக்கும் டம்ளரைப் பிடித்தால் சுடாது. செருப்பில் ஆணி தைத்திருந்தால் அதன்மேலேயே நாள் முழுக்க நடப்பார்கள். புண் சீழ் பிடித்து, எலும்பு வரை போய், விரல் சிறுகச் சிறுகக் கரையும். வலி இல்லாததே விரலுக்கு எமன். ஆகவே மாத்திரையோடு வைத்தியம் முடியாது. மெத்தென்ற ரப்பர் செருப்பு வேண்டும். தினமும் கால்களை நீரில் ஊறவைத்து எண்ணெய் தடவச் சொல்லித்தர வேண்டும். அடுப்பில் பாத்திரம் இறக்கத் துணி பிடிக்கப் பழக்க வேண்டும்.

இதையெல்லாம் ஒரு டாக்டரால் ஒரு நாடு முழுக்கச் செய்ய முடியாது. கராச்சி திரும்பிய ரூத்துக்கு அந்தக் கணக்கு தெளிவாகவே புரிந்தது.

---
ஒரு பார்வையில் ரூத் ஃபாவ்

• 1929 செப்டம்பர் 9: லைப்சிக்கில் பிறப்பு
• 1957: துறவற சபையில் சேர்தல்
• 1960: கராச்சி வருகை
• 1961: வேலூரில் தொழுநோய் மருத்துவப் பயிற்சி
• 1963: குடிசை மருந்தகம், மேரி அடிலெய்ட் தொழுநோய் மையமாக சதர் பகுதிக் கட்டடத்துக்கு மாற்றம்
• 1968: பாகிஸ்தான் தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம்
• 1979: பாகிஸ்தான் மத்திய அரசின் தொழுநோய் ஆலோசகர், ஹிலால்-ஈ-இம்தியாஸ் விருது
• 1988: பாகிஸ்தான் குடியுரிமை
• 1989: ஹிலால்-ஈ-பாகிஸ்தான் விருது
• 2002: ரமோன் மகசேசே விருது
• 2017 ஆகஸ்ட் 10: கராச்சியில் மறைவு
---

தொடுவது பாதி, தேடுவது மீதி

தொழுநோயாளி மருத்துவமனைக்குத் தானாக வருவதில்லை. முதலில் ஒரு தேமல். அரிப்பில்லை, வலியில்லை. 'என்னவோ சத்துக் குறைவு' என்று விட்டுவிடுவார்கள். கிருமி உள்ளே போய் அறிகுறி வெளிவரச் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகும். சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகலாம். சந்தேகம் வந்த பிறகோ பயம் வாயடைத்துவிடும். பெண்ணுக்குக் கல்யாணம் நின்றுவிடும், கடையில் யாரும் சாமான் வாங்க மாட்டார்கள். வடக்கு மலைப்பகுதிகளில் நோய் கண்ட குழந்தைகளைப் பெற்றோரே குகையிலும் மாட்டுத் தொழுவத்திலும் ஆண்டுக்கணக்கில் மறைத்துவைத்திருந்ததை ரூத் நேரில் கண்டு மீட்டார்.

ஆகவே தேடிப் போக வேண்டும். யார் போவது? டாக்டர்கள் வரத் தயாரில்லை. ரூத்தும் அவருடைய பாகிஸ்தானிய சகா, தோல் மருத்துவர் ஜரீனா ஃபசல்பாயும் 1965-ல் அதற்கு ஒரு வழி கண்டார்கள். உள்ளூர் இளைஞர்களைத் தொழுநோய்த் தொழில்நுட்பப் பணியாளர்களாகப் பயிற்றுவிக்கும் திட்டம் அது. அந்தந்த மண்ணின் மொழி பேசுகிறவர், அந்த மலைப்பாதை தெரிந்தவர், யார் வீட்டில் யாரை ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று மோப்பம் பிடிக்கக்கூடியவர்.

அந்த ஊழியரின் வேலையில் மந்திரம் எதுவுமில்லை. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்வார். பஞ்சைத் திரித்து அதன் நுனியால் தேமலின் மேல் தொடுவார். 'எங்கே தொட்டேன், விரலால் காட்டு' என்பார். விரல் அசையாவிட்டால் சந்தேகம் உறுதிப்படும். பிறகு முழங்கையின் பின்புறம் கைவைத்து, நரம்பு தடித்திருக்கிறதா என்று உருட்டிப் பார்ப்பார். சுண்டுவிரலை நீட்டி மடக்கச் சொல்வார். அத்தனையையும் அட்டையில் குறிப்பார். வீட்டில் உள்ள மற்ற எல்லோரையும் அதேபோலப் பரிசோதிப்பார். அடுத்த மாதம் மருந்து வாங்க வராதவரின் வீட்டுக்கு நடந்தே போவார். இந்தப் பரிசோதனைக்கு எக்ஸ்ரே வேண்டாம், மின்சாரம் வேண்டாம். பழகிய கையும் பொறுமையும் போதும்.

அந்த அட்டைகள் சேரச் சேர, எந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை பேர், எத்தனை குழந்தைகள், எத்தனை பேர் மருந்தைப் பாதியில் விட்டார்கள் என்ற வரைபடம் கிடைத்தது. இரக்கத்தை மட்டும் காட்டினால் அரசு தலையாட்டும். எண்ணிக்கையைக் காட்டினால் பதில் சொல்ல வேண்டிவரும்.

அரசைக் கட்டிப்போட்ட சாமர்த்தியம்

தொண்டு நிறுவனங்களுக்கே உரிய ஒரு மயக்கம் உண்டு. நல்ல மருத்துவமனை ஒன்றைக் கட்டி, அதற்குள்ளேயே ஒரு தனி உலகம் நடத்திவிடுவது. ரூத் அந்த மயக்கத்தில் விழவில்லை. ஜெர்மனியின் வூர்ஸ்பர்கில் இயங்கும் தொழுநோய் நிவாரணச் சங்கத்திடமிருந்து பணம் திரட்டினார். அந்தப் பணத்தோடு அரசின் கதவைத் தட்டினார். 1968-ல் தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் அரசோடு கைகோத்துத் தொடங்கியது. பயிற்சியும் மேற்பார்வையும் ரூத்தின் மேரி அடிலெய்ட் மையத்தின் பொறுப்பு. பொதுச் சுகாதாரக் கட்டமைப்பில் இடம் தருவது அரசின் பொறுப்பு. நாடெங்கும் 157 தொழுநோய் மையங்கள் அப்படித்தான் உருவாயின. ஆட்சிகள் மாறின, ராணுவம் வந்தது, போனது. திட்டம் நிற்கவில்லை.

மருந்தும் காலத்தோடு மாறியது. ஆரம்பத்தில் கையில் இருந்தது டாப்சோன் மட்டும்தான். ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டியிருந்தது. கிருமிகளும் அதற்குப் பழகிவிட்டன. ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின், டாப்சோன் மூன்றையும் சேர்த்துத் தரும் கூட்டு மருந்து சிகிச்சையை 1981-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆயுள் வைத்தியம் மாதக் கணக்காகச் சுருங்கியது. மருந்து வந்தபோது பாகிஸ்தானில் அதைக் கொண்டுசேர்க்க ஆட்கள் தயாராக இருந்தார்கள். முன்பே போட்ட அடித்தளம் அங்கேதான் பலன் தந்தது.

தொழுநோயை 2000-க்குள் 10,000 பேருக்கு 1 நோயாளிக்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்பது 1991-ல் உலக நாடுகள் வைத்த இலக்கு. பாகிஸ்தான் 1996-லேயே அதைத் தொட்டது. ஆசியாவில் முந்திக்கொண்ட நாடுகளில் அதுவும் ஒன்று. 50,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இந்த மையங்களின் பதிவேட்டில் ஏறியவர்கள்.

---
கன்னியர் டாக்டரான கதை

புண் கழுவிக் கட்டுவது கன்னியாஸ்திரிகளுக்குக் காலங்காலமாக அனுமதிக்கப்பட்ட வேலை. டாக்டராகத் தொழில் பார்ப்பதும் பிரசவம் பார்ப்பதும் அப்படியல்ல. திருச்சபைச் சட்டம் குறுக்கே நின்றது. அந்தச் சுவரை உடைத்ததில் நம் துணைக்கண்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆண் டாக்டரிடம் போக மறுத்து உயிர்விட்ட பர்தாப் பெண்களைக் கண்ட ஸ்காட்லாந்து டாக்டர் ஆக்னஸ் மெக்லாரன், ராவல்பிண்டியில் பெண்களுக்கான மருத்துவமனை உருவாகப் பாடுபட்டார். அவர் வழியில் 1920-ல் அங்கே பணிக்கு வந்த ஆஸ்திரிய டாக்டர் அன்னா டெங்கல், 1925-ல் மருத்துவ மறைப்பணிச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். அதே 1920-ல் ஆஸ்திரேலிய டாக்டர் மேரி குளோரி குண்டூருக்கு வந்து, ரோமின் சிறப்பு அனுமதியோடு கன்னியாஸ்திரியாகவும் டாக்டராகவும் பணியாற்றினார். 1943-ல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தை நிறுவினார். இதற்கிடையே, 1936-ல் ரோம் தடையை நீக்கியது. ரூத் ஃபாவ் நடந்துவந்த பாதை இவர்கள் போட்டது.
---

மதம் குறுக்கே வராத இடம்

ஒரு கிறிஸ்தவத் துறவி இஸ்லாமிய நாட்டில் 57 ஆண்டுகள் தாக்குப்பிடித்தது எப்படி? மையத்தில் முஸ்லிம், கிறிஸ்தவர், இந்து எல்லோரும் ஊழியர்கள். நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். சிகிச்சைக்கு ஈடாக மதம் எதிர்பார்க்கப்படவில்லை. நோய் இருக்கும் இடத்துக்குப் போவது என்ற ஒரே விதி எல்லையையும் தாண்ட வைத்தது. 1980-களில் சோவியத் படைகளோடு போர் நடந்துகொண்டிருந்தபோதே ஆப்கானிஸ்தானின் மலைக் கிராமங்களுக்குப் போய்த் தொழுநோய்ச் சிகிச்சையைத் தொடங்கிவைத்தார்.

1996-ன் வெற்றிக்குப் பிறகும் ஊழியர்களை அவர் கலைத்துவிடவில்லை. தொழுநோய்க்குப் பழகிய அதே கால்கள் காசநோயாளிகளையும் பார்வை இழக்கும் நிலையில் இருந்தவர்களையும் தேடிப் போயின. 2005 காஷ்மீர் நிலநடுக்கத்திலும் 2010 பெருவெள்ளத்திலும் களத்துக்குப் போனது இந்தக் கட்டமைப்புதான்.

வெற்றி என்று அறிவித்த பிறகு

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் '10,000-க்கு 1' என்ற அளவுகோலுக்குள் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. அது நோய் ஒழிந்ததற்கான சான்று அல்ல. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற பட்டியலிலிருந்து இறங்கியதற்கான அடையாளம். பாகிஸ்தானில் இன்றும் ஆண்டுக்குச் சில நூறு புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள்.

இந்தியாவின் கணக்கு இன்னும் கசப்பானது. 2005 டிசம்பரில் நாமும் தேசிய அளவில் இலக்கை எட்டியதாக அறிவித்தோம். தனித் திட்டமாக ஓடிய தொழுநோய்ப் பணி பொதுச் சுகாதாரத்தோடு இணைந்தது. வீடு வீடாகத் தேடுவது குறைந்தது. தேடாவிட்டால் கிடைக்காது, கிடைக்காவிட்டால் எண்ணிக்கை குறையும், குறைந்தால் நிதியும் கவனமும் குறையும். 2016-ல் மறுபடி தேடும் இயக்கம் நடத்தியபோது, மறைந்திருந்த பல்லாயிரம் பேர் வெளிச்சத்துக்கு வந்தார்கள். 2023-ல் உலகில் புதிதாகக் கண்டறியப்பட்ட சுமார் 1.83 லட்சம் தொழுநோயாளிகளில் 1.07 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். உலகில் புதிதாக நோய் கண்ட பத்துப் பேரில் ஏறக்குறைய ஆறு பேர்.

தாமதமாகக் கண்டுபிடிப்பதன் விலை மாத்திரைக் கணக்கில் தெரியாது. கிருமி செத்தாலும் செத்த நரம்பு திரும்பாது. மடங்கிய விரலோடு தையல் மெஷின் ஓட்ட முடியாது, நாற்று நட முடியாது. இமை மூடாத கண்ணில் தூசி விழுந்து பார்வை போகும். சிகிச்சை நடக்கும்போதே, சில நேரம் முடிந்த பிறகும், 'ரியாக்ஷன்' வந்து நரம்பு வீங்கும். அப்போது உடனே ஸ்டீராய்டு மருந்து தரத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லையென்றால் ஒரே வாரத்தில் கை விழுந்துவிடலாம். தொழுநோயை நேரில் பார்த்தே இராத இளம் டாக்டர்கள் பெருகும் காலத்தில் இதுதான் பெரிய கவலை. நோய் அரிதாக ஆக, அதை அடையாளம் காணும் கையும் அரிதாகிறது.

சட்டம் மெதுவாகவேனும் நகர்ந்திருக்கிறது. நோயாளிகளைப் பிடித்து அடைக்க வழிசெய்த 1898-ம் ஆண்டின் சட்டம் 2016-ல்தான் ரத்தானது. அதே ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்களுக்கும் பட்டியலில் இடத்தைத் தக்கவைத்தது. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டும் பிரிவு 2019-ல் நீக்கப்பட்டது. ஓராண்டுக்குள் குணமாகக்கூடிய நோய் ஒரு கல்யாணத்தை முறிக்கச் சட்டபூர்வமான காரணமாக இவ்வளவு காலம் இருந்திருக்கிறது என்பதே நம் முகத்தில் அறையும் செய்தி.

---
தெரிந்துகொள்ளுங்கள்

• வெளிறிய அல்லது சிவந்த, உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.
• கை, கால் மரத்துப்போதல், காது மடல் தடித்தல், இமை மூட முடியாமை, விரல் மடங்குதல் ஆகியவையும் அறிகுறிகளாக இருக்கலாம்.
• கூட்டு மருந்து சிகிச்சை 6 அல்லது 12 மாதம். மருந்து இலவசம்.
• சிகிச்சை தொடங்கியதும் பிறருக்குப் பரவும் வாய்ப்பு விரைவிலேயே போய்விடும். தனிமைப்படுத்தத் தேவையில்லை.
• பெரும்பாலானோருக்கு இயற்கையிலேயே இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி உண்டு. தொட்டுப் பேசினால், கைகுலுக்கினால் ஒட்டிக்கொள்ளாது.
• நோயாளியோடு நெருங்கி வாழ்பவர்களுக்கு ஒரு தவணை ரிஃபாம்பிசின் தடுப்பு மருந்தாகத் தரப்படுகிறது.
---

எது நினைவுச்சின்னம்?

ரூத் ஃபாவ் மறைந்ததும் கராச்சியின் அரசு சிவில் மருத்துவமனைக்கு சிந்து மாகாண அரசு அவர் பெயரைச் சூட்டியது. 2018-ல் அவர் உருவம் பொறித்த 50 ரூபாய் நினைவு நாணயம் வெளியானது. இரண்டும் தகும். ஆனால் தியாகத்தைப் போற்றுவதில் ஒரு வசதி இருக்கிறது. 'அவரைப்போல யாரால் முடியும்' என்று கும்பிட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகலாம்.

அவர் விட்டுச்சென்ற வேலைமுறை அந்த வசதியைத் தருவதில்லை. பஞ்சுத் திரியும் அட்டையும் வைத்துக்கொண்டு செய்யும் பரிசோதனைக்குப் புனிதர் தேவையில்லை. பயிற்சி பெற்ற ஊழியர் தேவை. தமிழ்நாட்டின் கிராம சுகாதாரச் செவிலியரும் பிற மாநிலங்களின் ஆஷா பணியாளரும் செய்யக்கூடிய வேலை அது. பல இடங்களில் செய்துகொண்டும் இருக்கிறார்கள், ஏற்கெனவே தலைக்கு மேல் இருக்கும் வேலைகளுக்கு நடுவே. 2027-க்குள் தொழுநோய்ப் பரவலை நிறுத்துவோம் என்று இந்தியா இலக்கு வைத்திருக்கிறது. அதற்கு மருந்து கையில் இருக்கிறது. தேடிப் போகும் ஆள்பலம்தான் கேள்வி.

பெயர்ப்பலகையும் நாணயமும் ஒருமுறைச் செலவு. வீடு வீடாகப் போகும் ஊழியரின் சம்பளம் மாதாமாதம் வரும் செலவு. நிதிநிலை அறிக்கை போடுகிறவர்கள் ரூத் ஃபாவை நினைக்க வேண்டிய இடம் இந்த இரண்டாவது வரிதான்.